ஹரிக்கேனுக்குப் பின் வீடு திருத்தப் போகும் சபைக் குழு: சுவரை மூடுவதற்கு முன்னும் பின்னும்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து 12 பேர், ஹரிக்கேனில் பாதிக்கப்பட்ட லூசியானா கரையோர ஊர் ஒன்றுக்கு ஒரு வாரம் வீடு திருத்தும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பேரைத் தவிர யாருக்கும் கட்டட வேலையில் பழக்கம் இல்லை. என்ன வேலை கொடுப்பார்கள்? எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? எங்கே தவறு நடக்கும்?

பதில்:

புயல் கரையைக் கடந்து எத்தனை மாதம் ஆகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலையை அதுதான் தீர்மானிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் என்றால் விழுந்த மரத்தை அறுப்பது, கூரைக்குத் தார்ப்பாய் போடுவது, சமைத்துப் போடுவது. அடுத்த சில மாதங்கள் சேற்றை வாரி, நனைந்த சுவரைப் பிய்த்தெடுத்து, வீட்டை வெறும் மரக்கூடாக்கும் வேலை. அங்கே இதை ‘மட்-அவுட்’ என்பார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கி நான்கைந்து வருடம் வரை நீள்வதுதான் உண்மையான திருத்தும் வேலை. சபைகளின் ஆர்வமோ இதற்குத் தலைகீழ். முதல் மாதம் வேன் வேனாக ஆள் வந்து இறங்குகிறார்கள். இரண்டாம் வருடம் டிரைவால் எனும் உள்சுவர்ப் பலகை அடிக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தேதியை மாற்றும் வசதி இருந்தால் தள்ளிப் போடுங்கள். கட்டட வேலை தெரியாதவர்களுக்கும் அப்போது நிறைய வேலை இருக்கும்.

எந்தக் காலமானாலும் நேராக ஊருக்குள் போய்க் கதவைத் தட்டாதீர்கள். 1969இல் கமீல் ஹரிக்கேன் அடித்தபோது ஒரே தெருவுக்கு நான்கு அமைப்புகள் போவதும் பக்கத்துத் தெருவுக்கு யாருமே போகாததுமாக நடந்தது. அந்த அனுபவத்தில்தான் 1970இல் ‘நேஷனல் வோவாட்’ என்ற கூட்டமைப்பு உருவானது. மென்னோனைட் டிசாஸ்டர் சர்வீஸ், சதர்ன் பாப்டிஸ்ட் மீட்புக் குழுக்கள், யூனைட்டட் மெதடிஸ்ட் சபையின் நிவாரண அமைப்பான அம்கோர், லூத்தரன், பிரெஸ்பிட்டேரியன், கத்தோலிக்க அமைப்புகள் எல்லாம் அதன்கீழ் ஒருங்கிணைகின்றன. மட்-அவுட் காலத்தில் வேலைகளைப் பங்கிட ‘கிரைசிஸ் கிளீனப்’ என்ற பொது இணையப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். திருத்தும் காலத்தில் உள்ளூரில் ‘நீண்டகால மீட்புக் குழு’ ஒன்று அமையும். வீட்டுக்காரரின் காப்பீடு, ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) தரும் பணம், வருமானம் எல்லாவற்றையும் ஒரு கேஸ் மேனேஜர் பார்த்து, எதுவும் போதாமல் மிச்சமிருக்கும் தேவையை அந்தக் குழுவின் முன் வைப்பார். ஒரு சபை சிமென்ட், பலகைக்குப் பணம் தரும், இன்னொன்று ஆள் தரும், மூன்றாவது தங்க இடம் தரும். உங்கள் 12 பேர் அந்தச் சங்கிலியில் ஒரு வளையம். அதனால்தான் ‘ஒரு வாரத்தில் ஒரு வீட்டை முடித்துவிட்டு வர வேண்டும்’ என்ற நினைப்பை முதலிலேயே விட்டுவிடச் சொல்கிறேன். அந்த நினைப்பு ஈரச் சுவரை மூட வைக்கும். இந்த வேலையில் அதைவிடப் பெரிய தவறு கிடையாது.

ஏன் என்று விளங்க, சுவர் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நம் ஊர் செங்கல் சுவர் நனைந்தால் பூச்சு உதிரும், உப்புப் பூக்கும், வெயிலில் காய்ந்துவிடும். அமெரிக்க வீட்டுச் சுவர் உள்ளே காலியான பெட்டி. 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்கள். அவற்றை ‘ஸ்டட்’ என்பார்கள். சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு. வெளிப்பக்கம் பிளைவுட் போன்ற பலகையும் அதன்மேல் செங்கல் முகப்போ பிளாஸ்டிக் பட்டையோ இருக்கும். உள்பக்கம் அரை அங்குல ஜிப்சம் பலகை, அதாவது டிரைவால். டிரைவாலின் இரு முகமும் காகிதம். தண்ணீரை அது விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். வெள்ளம் 2 அடி நின்றால் ஈரம் 3 அடிக்கும் மேலே போயிருக்கும். பஞ்சு குடித்த தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஈரம், காகிதம், கோடை வெப்பம் மூன்றும் சேர்ந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா ஹரிக்கேன் தாக்கி, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸின் 80 சதவீதம் மூழ்கியபோது பல வீடுகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. திரும்பி வந்தவர்கள் கூரைவரை கறுத்த சுவர்களைத்தான் பார்த்தார்கள்.

மட்-அவுட்

கதவைத் திறக்கும் முன் மூன்று உறுதி வேண்டும்: மின்சாரமும் எரிவாயுவும் வெளியிலேயே துண்டிக்கப்பட்டிருக்கின்றனவா, வீட்டுக்காரர் நுழைவு அனுமதியில் கையெழுத்திட்டிருக்கிறாரா, எல்லாவற்றையும் படமெடுத்தாயிற்றா. படம் காப்பீட்டுக்கும் ஃபீமாவுக்கும் வேண்டும். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், தண்ணீர்க் கோடு அளவுகோலோடு, ஃபிரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றின் வரிசை எண் தகடு. பொருளை வெளியே எறிந்தபின் எடுத்த படத்தால் பாதிப் பயன்தான்.

வீட்டின் வயதையும் கேளுங்கள். 1978க்கு முன் கட்டியதென்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தக் காலத்து 9 அங்குலத் தரை ஓடு, அதன் அடியிலுள்ள கறுப்புப் பசை, சோளப்பொரி ஒட்டியதுபோன்ற கூரைப் பூச்சு ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகம் வந்தால் சுரண்டாமல், தேய்க்காமல் நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஆளுக்கு வேண்டியவை: பஞ்சர் ஆகாத அடிப்பாகமுள்ள பூட்ஸ் (ஆணி மேல்நோக்கிக் கிடக்கும் வீடு அது), தோல் கையுறையும் உள்ளே ரப்பர் கையுறையும், மூடிய கண்ணாடி, ஒரு நாளைக்கு இரண்டு என்95 முகக்கவசம். துணிக் கவசமும் அறுவைசிகிச்சைக் கவசமும் பூஞ்சண வித்துகளைத் தடுக்காது. டெட்டனஸ் ஊசி போட்டு பத்து வருடம் தாண்டியிருந்தால் புறப்படும் முன் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை வெளிவேலைக்கு வையுங்கள். குப்பை பிரிக்கவே இரண்டு ஆள் வேண்டியிருக்கும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வெளியே போகும் திசையில் இருக்க வேண்டும். புயலில் தப்பியவர்களைக் கார்பன் மோனாக்சைடு கொல்வது ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். அகலமான ஒட்டுநாடாவால் நான்கு சுற்று சுற்றி, நிமிர்த்தியபடியே தள்ளுவண்டியில் வெளியேற்றுங்கள். ஆர்வக்கோளாறில் திறந்து பார்த்தவர்கள் அந்த வாரம் முழுவதும் சாப்பிடச் சிரமப்படுவார்கள்.

தெருவோரக் குவியலைப் பிரித்தே போட வேண்டும்: கட்டட இடிபாடு, மரம் செடி, ஃபிரிட்ஜ் போன்ற வீட்டு இயந்திரங்கள், மின்னணுப் பொருள்கள், பெயின்ட் பூச்சிமருந்து போன்ற ஆபத்தானவை, சாதாரணக் குப்பை. கலந்து போட்டால் அள்ளும் லாரி விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் மீட்டர், தபால்பெட்டி, மின்கம்பம் இவற்றின்மேல் குவித்தாலும் அதே கதைதான். அள்ளும் இயந்திரக் கை அவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

இப்போது சுவர். 8 அடி உயர அறையில் டிரைவால் பலகைகள் (4 அடிக்கு 8 அடி) பெரும்பாலும் படுக்கைவாக்கில் இரண்டு வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். அதனால் தரையிலிருந்து ஏறக்குறைய 48½ அங்குலத்தில் ஓர் இணைப்பு ஓடும். தண்ணீர்க் கோடு 2 அடிக்குக் கீழே என்றால் அந்த இணைப்பைத் தேடிப்பிடித்து, நூல் அடித்து, கத்தியால் ஒட்டுக் காகிதத்தை அறுத்துக் கீழ்ப்பலகையை மட்டும் எடுங்கள். பிறகு புதுப் பலகை வெட்டாமலே முழுதாக உட்காரும், கீழே அரை அங்குலம் இடைவெளியும் கிடைக்கும். அனுபவமில்லாத குழுக்கள் கண்ணளவில் ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 52 என்று வெட்டிவிடுவார்கள். அடுத்து வரும் குழு ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே அளந்து அறுக்க வேண்டியதாகிவிடும். இதனால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். ஈரம் 4 அடியை நெருங்கியிருந்தால் தயங்காமல் கூரைவரை எடுத்துவிடுங்கள். ரம்பம் போட்டே ஆக வேண்டுமென்றால் ஆழத்தை அரை அங்குலத்தில் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகின்றன.

புதிதாக வந்தவர்கள் விட்டுவிடும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். குளியல் தொட்டியின் பின்புறம், மாடிப்படி அடி, சமையலறை அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர், ஷவர் சுவர். குளியல் தொட்டி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் அதன் பின்னால் ஈரப்பஞ்சு கட்டாயம் இருக்கும். தொட்டியை நகர்த்தவோ வெளிப்பக்கமாகத் திறக்கவோ வேண்டும். அலமாரி மரத்தூள் பலகையால் ஆனதென்றால் வெளியிலிருந்து நன்றாகத் தெரிந்தாலும் வைக்காதீர்கள், ஒரு மாதத்தில் ஊதிவிடும். தரையில் லேமினேட்டோ வினைலோ இருந்தால் முழுவதும் உரித்துவிட வேண்டும், அதன் அடியில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். வீடு தூண்மேல் நிற்பதானால் அடியில் தவழ்ந்து போய்த் தரைக்குக் கீழே கட்டியிருக்கும் பஞ்சையும் எடுக்க வேண்டும். இதைச் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள், அதனாலேயே பல வீடுகளில் விடுபட்டுப்போகிறது.

பலகையும் பஞ்சும் போனபின் வேலை முடிந்ததென்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் பழைய ஆணியும் ஸ்க்ரூவும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். பட்டி போடும் தகட்டை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தால் எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும். கைப்பழக்கமே இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்ற வேலை இது. ஒரு மூன்று அறை வீட்டுக்கு நான்கு பேர் ஒரு நாள் உட்கார வேண்டும்.

பொருள்களை எறியும் விஷயத்தில் ஒன்றே ஒன்று: வீட்டுக்காரர் சொல்லாமல் எதையும் குப்பை என்று முடிவுகட்டாதீர்கள். நனைந்த புகைப்படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் உலர்த்தலாம். அன்றே முடியாவிட்டால் இடையில் மெழுகுத்தாள் வைத்துப் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் கெடாது.

காய வைப்பதும் கழுவுவதும்

கடல்நீர் ஏறிய வீடென்றால் முதலில் சட்டங்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு மரத்தில் தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆணியையும் இரும்புப் பட்டையையும் அரிக்கும்.

பூஞ்சணத்துக்குப் பிளீச் தெளிப்பதுதான் வைத்தியம் என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். ஓடு, கண்ணாடி, பீங்கான் போன்றவற்றில் அது வேலை செய்யும். ஒரு கேலன் தண்ணீருக்கு ஒரு கப், அதற்கு மேல் வேண்டாம். அம்மோனியா உள்ள எந்தத் திரவத்தோடும் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். மரத்தில் அது உதவாது. பிளீச்சின் பெரும்பகுதி தண்ணீர்தான். மரம் அதைக் குடிக்கும், மேலே வெளுக்கும், உள்ளே ஈரம் கூடும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ தேய்த்து, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவம் போட்டு, சோப்புநீரில் துடைத்து, மறுபடியும் வேக்குவம். வேண்டுமானால் அதன்பின் பூஞ்சணம் திரும்ப வராமலிருக்க போரேட் கரைசல் பூசலாம். வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைப்பது மட்டும் வேண்டாம்.

பிறகு காத்திருப்பு. மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும், இரண்டு ஊசியுள்ள ஈரமானி 30 முதல் 50 டாலருக்குக் கிடைக்கும். உங்கள் குழு வாங்கும் கருவிகளில் இதைவிட உபயோகமானது இல்லை. சட்டத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பஞ்சோ பலகையோ வைக்கக் கூடாது. நடுச்சட்டத்தில் குத்திப் பார்த்து 12 என்று மகிழாதீர்கள். தரையோடு படுத்திருக்கும் அடிச்சட்டம்தான் கடைசியாகக் காயும், அதிலும் வடக்குப் பக்கச் சுவர், குளியலறை மூலை. அறைக்கு ஆறு இடத்தில் குத்தி, தேதியோடு எண்ணைச் சட்டத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். மின்சாரம் வந்துவிட்டால் ஜன்னலை அடைத்து ஈரமுறிஞ்சும் இயந்திரமும் விசிறியும் ஓட்டுவது நல்லது. மெக்சிகோ வளைகுடாக் கரையின் கோடை இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியே இருக்கும் ஈரம் உள்ளே வரும், காய்வதற்குப் பதில் நனையும். சரியாகச் செய்தால் சில வாரம், மின்சாரம் இல்லாவிட்டால் மாதங்கள். வீட்டுக்காரர் டிரெய்லரில் இருந்துகொண்டு ‘எப்போது சுவர் போடுவீர்கள்’ என்று கேட்கும்போது ஈரமானியைக் காட்டி இன்னும் 22 இருக்கிறது என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லுங்கள். 22இல் மூடிய சுவரை அடுத்த வருடம் திரும்பப் பிய்க்க வேண்டிவரும், அப்போது ஆளும் இருக்காது, பணமும் இருக்காது.

சுவரை மூடும் முன்

நனைந்த மின்கம்பி, பிளக் பெட்டி, பிரேக்கர் எல்லாம் மாற வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டும், உள்ளூர் ஆய்வாளர் திறந்த சுவரிலேயே பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிளம்பிங்கும் ஏசி குழாயும் அப்படியே. உங்கள் சபையில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் இருக்கிறார் என்பது இங்கே எடுபடாது. ஆய்வுக்கு முன் ஒரு குழு ஆசையாக டிரைவால் அடித்துவிட்டால் ஆய்வாளர் அதைப் பிரிக்கச் சொல்வார், பிரிக்கச் சொல்லியும் இருக்கிறார்கள். பெர்மிட் அட்டை ஜன்னலில் ஒட்டியிருக்கும். அதில் கையெழுத்து இருக்கிறதா என்று திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பாருங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று, ‘50 சதவீத விதி’. வெள்ள அபாயப் பகுதியில் உள்ள வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு, புயலுக்கு முன் அந்தக் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் (நிலம் சேராமல்) பாதியையோ அதற்கு மேலோ தொட்டால், வீட்டை இன்றைய வெள்ள விதிக்கு ஏற்பக் கட்ட வேண்டும். பெரும்பாலும் தூண்மேல் உயர்த்த வேண்டும் என்று அர்த்தம். உங்கள் இலவச உழைப்பும் நன்கொடைப் பொருளும் இந்தக் கணக்கில் சந்தை விலைக்கு ஏறும். ‘நாங்கள் காசு வாங்கவில்லையே’ என்றால் செல்லாது. இதைக் கேட்காமல் சபைக் குழு பாதி வீட்டை முடித்தபின், உயர்த்தாமல் குடியிருக்க அனுமதி இல்லை என்று நகராட்சி சொன்னால் உழைப்பு முழுக்க வீண். கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீடு இருந்தால் உயர்த்துவதற்கென்று 30,000 டாலர் வரை தனியாக வாங்க வழி உண்டு. கேஸ் மேனேஜருக்கு இது தெரிந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது ‘சேத மதிப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டதா’ என்ற ஒரே கேள்வி.

பத்திரமும் அப்படித்தான். நியூ ஆர்லியன்ஸில் தாத்தா பெயரிலேயே இருந்த வீடுகள் ஏராளம். மூன்று தலைமுறை குடியிருந்தும் பெயர் மாற்றாததால் கத்ரீனாவுக்குப் பின் அரசு உதவி கிடைக்காமல் திண்டாடினார்கள். ஊர் வேறு, வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான்.

டிரைவால்

உங்கள் குழுவுக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். 12 அடிக்கு 12 அடி அறை, 4 அடி உயரம் மட்டும் மூட வேண்டுமென்றால் சுற்றளவு 48 அடி, பலகை 8 அடி. ஆக ஆறு பலகை. கதவு இடத்தைக் கழிக்காதீர்கள், உடைவதற்கு ஒன்று சேர்த்து ஏழு. முழுச் சுவருக்கு 12, அறையின் உள்கூரைக்கு ஐந்து. சுவருக்கு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ, சட்டத்தில் 16 அங்குலத்துக்கு ஒன்று, உள்கூரையில் 12 அங்குலத்துக்கு ஒன்று. பலகைக்கு ஏறக்குறைய 30 போகும். ஸ்க்ரூ தலை காகிதத்தை லேசாகக் குழிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே இல்லை, இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போடுங்கள். சாதாரண டிரில்லில் இந்த அளவு கைக்கு வராது. ஆழம் நிறுத்தும் முனை ஒன்று வாங்கி மாட்டினால் பத்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும். கம்பியோ குழாயோ சட்டத்தின் முகத்துக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் போனால் அங்கே இரும்புத் தகடு அடித்தாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

பலகையைத் தரையில் உட்கார வைக்காதீர்கள். அடியில் அரை அங்குலம் விடுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். வாளி கவிழ்ந்தால்கூடத் தண்ணீர் பலகையைத் தொடாது. பலகை அடிக்கும் முன் பிளக் பெட்டிகளைப் படமெடுத்து, தரையிலும் குறித்து வையுங்கள். எந்த வீட்டிலும் ஒரு பெட்டியாவது பலகைக்குப் பின்னால் புதைந்துபோகும்.

இணைப்புக்குப் பட்டி பார்ப்பதில்தான் வாரக் குழுக்களின் கணக்கு தப்புகிறது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய ஒரு நாள், கரையோர ஈரத்தில் இரண்டு நாள்கூட ஆகும். முதல் பூச்சோடு காகித நாடா, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்த வேண்டும். இரண்டாவது 8 அல்லது 10 அங்குல அகலம், மூன்றாவது 12 அங்குலம். நான்கரை கேலன் வாளி ஒன்று 15 பலகைக்கு வரும். புதன்கிழமை பலகை அடித்து முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை பெயின்ட் அடித்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். அவசரமென்றால் தண்ணீர் கலந்ததும் 45 அல்லது 90 நிமிடத்தில் இறுகும் பொடிப் பட்டியை முதல் பூச்சுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதை உப்புத்தாளில் தேய்ப்பது சிரமம், ஆகவே கடைசிப் பூச்சுக்கு வேண்டாம். அளவுக்கு மேல் அப்பிவிட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பது முதல்முறை வருகிற எல்லோரும் செய்கிற பிழை. இரண்டு நாள் தூசிதான் மிச்சம்.

வெளிச்சுவரின் உள்பக்கம் வினைல் ஒட்டுத்தாள் வேண்டாம். ஏசி ஓடும் வெப்பமான ஊரில் வெளியிலிருந்து வரும் ஈராவி அதன் பின்னால் தங்கிப் பூஞ்சணமாகும். வாங்கிய பலகையின் விளிம்பு நாடாவிலுள்ள பெயரையும் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். கத்ரீனாவுக்குப் பின் தட்டுப்பாட்டில் இறக்குமதியான சீன டிரைவாலில் கந்தகம் கசிந்து, செம்புக் கம்பியும் ஏசி சுருளும் கறுத்து, புதிதாகத் திருத்திய வீடுகளை மறுபடியும் உரிக்க வேண்டியதாயிற்று.

கூரை

உயரத்தில் ஏறும் அனுபவமும் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பெரும்பாலான அமைப்புகள் தாங்களே அனுமதிக்காது. கீழே நின்று கட்டு கொடுப்பவர்களும் கணக்குத் தெரிந்துகொள்ளட்டும்: 100 சதுர அடிக்கு, கூரைமேல் அடுக்கும் தார்த் தகடான ஷிங்கிள் மூன்று கட்டு. 1,500 சதுர அடிக் கூரைக்கு 45, விரயத்துக்குச் சேர்த்து 50. ஒரு கட்டு 60 முதல் 80 பவுண்டு எடை. பலத்த காற்று வீசும் பகுதியில் ஷிங்கிளுக்கு நான்கல்ல, ஆறு ஆணி. ஆணி, ஷிங்கிளில் அச்சிட்ட கோட்டின்மேல் விழ வேண்டும். ஓர் அங்குலம் மேலே போனால் கீழ் அடுக்கைப் பிடிக்காது, அடுத்த புயலில் அந்த வரிசை முழுவதும் பறக்கும். பழையதை உரித்திருக்கும் நேரம்தான் பலகை இணைப்புகளை 4 அங்குல ஒட்டுநாடாவால் மூடவும், வளையம் செதுக்கிய ஆணியால் பலகையைக் கைமரத்தோடு இறுக்கவும் வாய்ப்பு. அலபாமாவில் பரவலாகியிருக்கும் ‘ஃபோர்ட்டிஃபைட்’ கூரை முறையின் சாரம் இவ்வளவுதான். கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஷிங்கிள் போனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது.

தற்காலிகத் தார்ப்பாய் என்றால் முகட்டைத் தாண்டி மறுபக்கம் குறைந்தது 4 அடி இறங்க வேண்டும். ஓரத்தை ஒரு மரப்பட்டையில் சுற்றி, அந்தப் பட்டையைக் கூரையில் ஸ்க்ரூ செய்யுங்கள். தார்ப்பாயை நேராக ஆணியடித்தால் முதல் காற்றில் கிழியும். 2020 ஆகஸ்ட் 27இல் லாரா ஹரிக்கேன் அடித்த லூசியானாவின் லேக் சார்ல்ஸ் பகுதியில், ஆறே வாரத்தில், அக்டோபர் 9இல் டெல்டா ஹரிக்கேன் வந்து நீலத் தார்ப்பாய்களைப் பிய்த்துக்கொண்டு போனது. கொரோனா காலமானதால் திரும்பப் போடத் தொண்டர்களும் குறைவு.

மொபைல் ஹோம் எனப்படும், இரும்பு அடிச்சட்டத்தின்மேல் கட்டிய வீடு வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், மரத்தூள் பலகைத் தரையும் அடிவயிற்றுப் பஞ்சும் போய்விட்டிருக்கும். அதைத் திருத்துவதில் இறங்காமல், மாற்று வீட்டுக்கு வழி செய்யும்படி மீட்புக் குழுவிடமே விட்டுவிடுங்கள்.

குழு, கணக்கு, ஒப்படைப்பு

12 பேரை இரண்டாகப் பிரியுங்கள். உங்களிடம் உள்ள பழக்கமுள்ள இருவரும் ஆளுக்கு ஒரு குழுவுக்கு மேஸ்திரி. அவர்கள் கையில் சுத்தியல் இருக்கக் கூடாது. மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. மென்னோனைட் அமைப்பு 1950 முதல் இந்த வேலையில் இருக்கிறது. அங்கே திட்டப் பொறுப்பாளரும் சமையல்காரரும் மாதக்கணக்கில் தங்க, வாரத் தொண்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அப்படி நிலையான ஆள் உள்ள அமைப்பின்கீழ் போனால் உங்கள் அனுபவக் குறைவு பெரிதாகத் தெரியாது. காலை ஏழுக்குத் தொடங்கி மூன்றரைக்கு நிறுத்துங்கள், வெயிலில் மணிக்கொரு முறை நிழல். ஜெபம் வீட்டுக்காரர் விரும்பினால் மட்டும். உதவிக்கு நம்பிக்கையை நிபந்தனையாக்குவதில்லை என்பது நேஷனல் வோவாட் அமைப்புகள் ஏற்ற ஒழுங்கு. சிலருக்கு டிரைவாலைவிடத் தங்கள் கதையைக் கேட்க ஓர் ஆள்தான் அவசரத் தேவை. ஒருவர் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டால் மேஸ்திரி முகம் சுளிக்க வேண்டாம்.

வருகைப் பதிவேட்டை அலட்சியம் செய்யாதீர்கள். யார், எந்த முகவரியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன வேலை. ஃபீமா பொதுவாக 75 சதவீதம் ஏற்கும் அவசரகாலச் செலவுகளில், மிச்சப் பங்குக்குத் தொண்டர்களின் மணிநேரத்தை உள்ளூர் அரசு காட்ட முடியும். குப்பை அகற்றிய உங்கள் ஒரு வாரம் அந்தச் சிறு ஊருக்கு ரொக்கமாக மாறும். கையெழுத்தில்லாத தாளுக்கு மதிப்பில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் புது வேலை எதையும் தொடங்காமல் ஒப்படைப்புக்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கென ஒரு நோட்டுப் புத்தகம், சமையலறையில் ஆணியில் தொங்கவிடுங்கள். எந்த அறையில் எத்தனையாவது பூச்சு, எந்த மூலையில் ஈரம் எத்தனை, மீதமுள்ள பலகை எத்தனை, எந்தப் பெயின்ட் எண், எந்தக் கதவின் நிலை ரசமட்டத்துக்கு ஒத்துவரவில்லை, எலக்ட்ரீஷியன் எப்போது வருகிறார். திறந்த பட்டி வாளியின் ஓரத்தை வழித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்குங்கள். திங்கட்கிழமை வருகிற குழு உங்களுக்கு முன்பின் தெரியாதது. அவர்கள் கையில் முதலில் இருக்கப்போவது அந்த நோட்டுதான்.